சீனத்துப் பாடசாலையும் உலகக் குடிமையும்

2015-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்தினர் யாவரும் ஒருமுகமாக 17 இலட்சியங்களை ஏற்றுக்கொண்டார்கள். அவற்றுள் நான்காவது கல்வியைப் பற்றியது. அதன் ஏழாம் பிரிவு, 2030-ம் வருஷத்துக்குள் உலகத்து மாணாக்கர் அனைவருக்கும் நிலைத்த வளர்ச்சிக்கு வேண்டிய அறிவும் பயிற்சியும் அளிக்கப்பட வேண்டுமென்று விதிக்கிறது. உலகக் குடிமை, மனித உரிமை, சமாதானப் பற்று, பல்வேறு பண்பாடுகளை மதித்தல், அப்பண்பாடுகள் நிலைத்த வளர்ச்சிக்குச் செய்யும் உதவியை உணர்தல் ஆகிய யாவும் அக்கல்வியின் அங்கங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. சீன சர்க்காரும் இதற்குச் சம்மதம் கொடுத்தவர்களே. குறித்த வருஷமோ நெருங்கி வந்துவிட்டது. மனித குலத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கினர் வாழும் அந்த மகாதேசத்திலே இவ்வாக்குறுதி எவ்வாறு நிறைவேறி வருகிறதென்று விசாரிப்பது அயலார் வீட்டு விஷயத்தில் தலையிடுவதாகாது. எல்லோரும் கூடிச் செய்த ஒப்பந்தத்தைப் பற்றி எல்லோரும் கேட்கலாம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உலகக் குடிமையும், இனத்தின் தனித்தன்மையும், நிலைத்த வளர்ச்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இனத்தின் மொழியையும் முறைமைகளையும் சந்தேகத்துக்குரிய பொருளாக்கிவிட்டு, மற்ற இரண்டையும் பிள்ளைகளுக்குப் போதிக்க முயல்வது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதற்கு ஒப்பாகும். சீன சர்க்கார் சில வருஷங்களாக இந்த வியாபாரத்தில்தான் இறங்கியிருக்கிறார்கள்.

உலகம் முழுவதையும் ஒரு குடும்பமாக எண்ணும் கருத்து மேனாட்டிலிருந்து கப்பலேறிச் சீனாவுக்கு வந்ததன்று. வானத்தின் கீழுள்ள அனைத்தும் ஒன்று என்ற எண்ணமும், ‘மகா ஒற்றுமை’ என்ற இலட்சியமும் அவர்களுடைய பழைய நூல்களிலேயே வேரூன்றியவை. 1912-ம் வருஷத்தில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு பிறந்தபோது, முதற் கல்வி மந்திரியாக வந்தவர் ஸாய் யுவான்பெய் என்னும் பேரறிஞர். புதிய குடியரசின் கல்விக்கு அவர் வகுத்த ஐந்து அங்கங்களில் உலக நோக்குக் கல்வி ஒன்று. மாணாக்கன் தன் தேசத்துக்கு உழைக்கக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது, அதற்கு அப்பாலும் நோக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1919 முதல் 1921 வரை சீனாவில் தங்கிப் பல நகரங்களில் பிரசங்கம் செய்தார். அவரிடம் பயின்ற டாவ் ஸிங்ஜி என்பவர் 1927-ம் வருஷத்தில் நான்கிங் நகருக்கருகே கிராம உபாத்தியாயர்களுக்காக ஒரு பாடசாலை தொடங்கினார். ‘அறிவும் செயலும்’ என்று பொருள்படும் தமது பெயரை, செயலே முதலில் வருவது என்று காட்டும்பொருட்டு, ‘செயலும் அறிவும்’ என்று மாற்றிக்கொண்ட விசித்திர புருஷர் அவர். அவருடைய பாடசாலையை 1930-ம் வருஷத்தில் அக்காலத்துச் சர்க்கார் மூடிவிட்டார்கள். உபாத்தியாயரைக் கண்டு அஞ்சுவது எந்த ஒரு கட்சிக்கும் உரிய தனிக் குணமல்ல என்பதற்கு இஃது ஓர் அத்தாட்சி.

1924-ம் வருஷத்தில் மகாகவி ரவீந்திரநாத் தாகூர் சீனாவுக்கு யாத்திரை சென்று, ஆசிய ஜனங்களின் ஆத்ம ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். அவருடைய உபந்நியாசங்களில் இளைஞர்கள் எதிர்ப்புத் துண்டுப் பிரசுரங்களை விநியோகித்தார்கள். அந்நிய ராஜ்யங்கள் துறைமுகங்களைப் பிடித்துக்கொண்டும், சேனைத் தலைவர்கள் மாகாணங்களைப் பங்கிட்டுக்கொண்டும் இருந்த காலம் அது. வீடு பற்றியெரியும்போது வேதாந்தம் எதற்கு என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. சீனாவின் அரசியல்வாதிகளுக்கு இன்றுமிருக்கும் அச்சத்தின் வேர் அந்தக் காலத்தில் உள்ளது. தேசம் துண்டாடப்படும் என்ற பயம் வெறுங் கற்பனையிலிருந்து உண்டானதன்று. இதை ஒப்புக்கொள்ளாமல் சீனாவைப் பற்றி எழுதுவது நியாயமாகாது.

இனி, சீனர் யார் என்ற கேள்விக்கு வருவோம். ‘சீன தேசீய இனம்’ என்ற தொடரை 1902-ம் வருஷத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லியாங் சீசாவ் என்னும் பத்திரிகாசிரியர். 1912-ல் டாக்டர் சன் யாட் சென், ஹான், மஞ்சு, மங்கோலியர், ஹுவெய், திபேத்தியர் ஆகிய ஐவரும் சேர்ந்தது குடியரசு என்றார். 1949-ல் அதிகாரத்துக்கு வந்த கம்யூனிஸ்டுகள் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டார்கள். 1953-ம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பில், உங்கள் இனம் எது என்று கேட்டபோது ஜனங்கள் 400-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கொடுத்தார்கள். மொழியறிஞர்களும் சமூக ஆராய்ச்சியாளரும் கிராமந்தோறும் சென்று விசாரித்துப் பெயர்களைத் தொகுத்தார்கள். 1979-ல் யுன்னான் மாகாணத்து ஜினோ இனத்தார் சேர்க்கப்பட்டதோடு 56 என்ற எண்ணிக்கை முடிவாயிற்று. 2020-ம் வருஷத்துக் கணக்கின்படி 141 கோடி ஜனங்களில் ஹான் இனத்தார் நூற்றுக்கு 91 பேர். மற்ற 55 இனத்தாரும் சேர்ந்து சுமார் 12½ கோடி. சிறுபான்மை என்ற சொல் இங்கே ஏமாற்றக்கூடியது. ஜுவாங் இனத்தார் மாத்திரமே இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவானவர்கள். ஐரோப்பாவில் இத்தனை ஜனங்கள் இல்லாத ராஜ்யங்கள் பல உண்டு.

இவர்களுக்கு ஏட்டளவில் கொடுக்கப்பட்ட உரிமைகள் அற்பமானவையல்ல. ஐந்து பிரதேசங்களுக்குச் சுயாட்சிப் பிரதேசம் என்ற பெயர் உண்டு. 1982-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் நான்காம் பிரிவு, எல்லா இனத்தாருக்கும் தங்கள் மொழியையும் எழுத்தையும் வழங்கவும் வளர்க்கவும் சுதந்திரம் உண்டு என்று கூறுகிறது. 1984-ல் இனவாரிப் பிரதேச சுயாட்சிச் சட்டமும் வந்தது. ஏட்டோடு நின்றதென்றும் சொல்ல முடியாது. எழுத்தில்லாத மொழிகளுக்கு எழுத்து வகுத்தார்கள். மங்கோலியம், திபேத்தியம், உய்குர், கஸாக், கொரிய மொழிகளில் பாடப்புத்தகங்கள் அச்சிட்டார்கள். சீன நாணயத் தாளை எடுத்துப் பார்த்தால், சீன எழுத்தோடு மங்கோலியம், திபேத்தியம், உய்குர், ஜுவாங் ஆகிய நான்கு மொழிகளும் அதில் அச்சாகியிருப்பதைக் காணலாம். 1988-ல் பே சியாவோதுங் என்னும் புகழ்பெற்ற சமூகவியல் அறிஞர், பல கிளைகளிலிருந்து உருவான ஒருமையே சீன தேசம், ஒருமை இருப்பதால் பன்மை அழிய வேண்டியதில்லை என்ற கருத்தை ஹாங்காங்கில் விரிவாக எடுத்துரைத்தார். தன் அழகைத் தான் போற்றி, பிறர் அழகையும் போற்றக் கற்பதே உலக ஒற்றுமைக்கு வழி என்பது பிற்காலத்தில் அவர் வற்புறுத்திய கொள்கை. உலகக் குடிமைக் கல்விக்கு இதைவிட நல்ல அடிப்படையை எந்தச் சபையும் எழுதிவிட முடியாது. சீனாவுக்கு வெளியிலிருந்து உபதேசம் தேவையில்லை. சொந்த வீட்டிலேயே சரக்கு இருக்கிறது.

நிற்க. அந்தச் சரக்கு இப்போது என்னவாயிற்று என்று பார்ப்போம்.

2020-ம் வருஷத்துக் கோடை முடிவில், பள்ளிகள் திறக்கும் சமயத்தில், உள் மங்கோலியாவில் ஓர் உத்தரவு பிறந்தது. மொழி இலக்கியம், அரசியல், சரித்திரம் ஆகிய மூன்று பாடங்களும் இனிச் சீன மொழியிலேயே, தேசம் முழுவதற்கும் பொதுவான புத்தகங்களைக் கொண்டு, படிப்படியாகப் போதிக்கப்படும் என்பது அதன் சாரம். பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். தெருக்களில் கூடினார்கள். கைதுகள் நடந்தன. உத்தரவு நிறைவேறிற்று. கணிதத்தையோ ரஸாயனத்தையோ விட்டுவிட்டு இந்த மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்தெடுத்ததைக் கவனிக்க வேண்டும். தான் யார், தன் முன்னோர் யார், தன் ராஜ்யம் எது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் பாடங்கள் இவையே. அந்த விடைகளைத் தாய்மொழியில் கேட்கலாகாது என்பது உத்தரவின் உட்பொருள்.

1921-ல் அல்ல, நம் காலத்தில், 2021-ம் வருஷம் ஜனவரியில், சட்டசபையின் சட்ட ஆலோசனைக் குழு இதற்குச் சட்ட ஆதாரம் தேடிக் கொடுத்தது. சில இடங்களில் பாடசாலைகள் சிறுபான்மை மொழிகளிலே கற்பிக்க வேண்டுமென்று விதிக்கும் உள்ளூர்ச் சட்டங்கள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று அது தீர்மானித்தது. பொது மொழியை ராஜ்யம் பரப்ப வேண்டும் என்ற பத்தொன்பதாம் பிரிவே ஆதாரமாம்! சட்டம் பயின்றோர் அனைவரும் அறிந்த ஒரு விதி உண்டு. ஒரே சாஸனத்தின் இரண்டு பிரிவுகள் முரணுவதுபோல் தோன்றினால், இரண்டும் உயிரோடு இருக்கும்படி பொருள்கொள்ள வேண்டும். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைக் கொல்லலாகாது. பொது மொழியைப் பரப்பு என்று ஒரு பிரிவு கூறுகிறது. சொந்த மொழியை வளர்க்கும் சுதந்திரம் உண்டு என்று மற்றொரு பிரிவு கூறுகிறது. இரண்டு மொழியும் கற்பித்தால் இரண்டு பிரிவும் நிறைவேறும். முரண் எங்கே இருக்கிறது? பரப்பு என்றால் மற்றதைப் பிடுங்கு என்று எந்த அகராதியிலும் பொருள் காணோம்.

திபேத்தில் நிலைமை இன்னும் கடுமை. 2001 முதல் 2012 வரை கிராமத்துச் சிறு பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளில் சேர்க்கும் ஏற்பாடு சீனா முழுவதும் நடந்தது. அதனால் எங்கும் பிள்ளைகள் நெடுந்தூரம் போக நேர்ந்தது. சிதறி வாழும் திபேத்தியர் பிரதேசங்களிலோ விடுதிப் பள்ளியே வழக்கமாயிற்று. அங்கே சுமார் பத்து லட்சம் குழந்தைகள் குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டுச் சீன மொழிச் சூழ்நிலையில் வளர்கிறார்கள் என்று 2023-ம் வருஷம் பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர் மூவர் எச்சரித்தனர். சீன சர்க்கார் இதை மறுத்தனர். தாஷி வாங்சுக் என்ற திபேத்திய வியாபாரி, தம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திபேத்திய மொழி கற்பிக்க வழியில்லை என்று வழக்குத் தொடுக்க முயன்றதை 2015-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் படம் வெளியிட்டது. அவர் தனி ராஜ்யம் கேட்கவில்லை. அரசியல் சட்டம் கொடுத்ததைக் கேட்டார். பிரிவினையைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டி 2018-ல் ஐந்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். காவலில் கழிந்த காலமும் கணக்கில் சேர, 2021-ல் தண்டனையை முடித்து அவர் வெளிவந்தார்.

ஸின்ஜியாங்கைப் பற்றி உலகம் அறியும். அங்கே உய்குர் மக்களையும் மற்ற முஸ்லிம்களையும் பெருந்தொகையாக அடைத்துவைத்த நிலையங்களைச் சீன சர்க்கார் தொழிற்கல்விச் சாலைகள் என்றார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையர் காரியாலயம் 2022-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி வெளியிட்ட அறிக்கையில், அங்கு நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று கூறிற்று. ஹான் இனத்தாருக்கும் உய்குர் இனத்தாருக்கும் நல்லுறவு வேண்டுமென்று எழுதிவந்த பெய்ஜிங் நகரத்துச் சர்வகலாசாலையொன்றின் பொருளாதார ஆசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கு 2014-லேயே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இனங்களுக்கிடையே பாலம் கட்ட முயல்பவனையே முதலில் பிடிப்பது இத்தகைய ராஜநீதியின் வழக்கம். பாலம் இருந்தால் அகழி எதற்கு என்று ஜனங்கள் கேட்டுவிடுவார்கள் அல்லவா?

சீன சர்க்காரின் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுவோம். பொது மொழி தெரியாதவனுக்கு நகரத்தில் வேலை கிடைக்காது, உயர்தரக் கல்வி எட்டாது, வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. கொடிய வறுமையை ஒழித்துவிட்டோம் என்று 2021-ல் அவர்கள் பறைசாற்றியதற்குப் பின்னால் சாலை, மின்சாரம், வைத்தியசாலை, பள்ளிக்கூடம் என்று கண்ணால் காணக்கூடிய வேலைகள் நடந்திருக்கின்றன. மலைக் கிராமத்துப் பிள்ளை பொது மொழியைக் கற்கலாகாது என்று அறிவுள்ளோர் எவரும் சொல்லவில்லை. பெற்றோர்களும் சொல்லவில்லை. தாய்மொழியைக் கைவிட்டால்தான் பொது மொழி வரும் என்பதைத்தான் மறுக்கிறார்கள். குழந்தைக்கு அறிவூட்டத் தாய்மொழியே சிறந்த கருவி என்று யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் நிபுணர் அறிக்கை 1953-லேயே எடுத்துரைத்தது. அந்தக் கருவியால் முதலில் அறிவு பெற்ற பிள்ளை இரண்டாவது மொழியை நன்றாகக் கற்கும். சோறு வேண்டுமானால் நாக்கை அறுத்துக்கொள் என்பது வறுமை ஒழிப்பாகாது.

2024-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து தேசபக்திக் கல்விச் சட்டம் என்ற ஒன்றும் அமலில் இருக்கிறது. தேசபக்தியை நாம் குறைத்துப் பேசுவோமல்லோம். ஆனால் சட்டத்தால் அதிகாரிகள் அளந்து ஊற்றும் பக்தியும், சொந்த வீட்டில் தன் தாய் பேசும் மொழிக்கு மரியாதை உண்டு என்று கண்ட பிள்ளைக்குத் தானே உண்டாகும் பக்தியும் ஒன்றாகா. நாணயத் தாளில் இடம்பெறத் தகுந்த மொழி, பள்ளிக்கூடத்துப் பலகையில் இடம்பெறத் தகாதா?

நிலைத்த வளர்ச்சிக்கு இதனால் வரும் கேடு சிலருக்கு உடனே புலப்படாது. சீன சர்க்கார் ‘இயற்கை சார்ந்த நாகரிகம்’ என்ற இலட்சியத்தை 2018-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். மனித குலம் முழுவதற்கும் பொதுவான எதிர்காலம் என்ற தொடரும் அதே சமயத்தில் சேர்ந்தது. 2060-ம் வருஷத்துக்குள் கரியமில வாயுக் கணக்கை நேர்செய்து விடுவோம் என்று 2020-ல் வாக்களித்தார்கள். மரம் நடுவதிலும், சூரிய வெப்பத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பதிலும் அவர்களுக்கு நிகர் இன்று எவருமில்லை. இவற்றை நாம் மனப்பூர்வமாகப் பாராட்டுகிறோம். ஆனால் நிலத்தைக் காப்பவன் யார் என்ற கேள்வியில் அவர்கள் கணக்குத் தவறுகிறது.

யுன்னான் மாகாணத்தில் ஹானி இனத்தாரின் நெல்வயல்கள் மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. மேலே காடு, அதன் கீழ்க் கிராமம், அதன் கீழ் வயல், அடியில் ஆறு. காட்டைக் காத்தால் ஊற்று நிற்கும். ஊற்று நின்றால் வயல் விளையும். எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை ஊரார் தாங்களே அளந்து பங்கிடுகிறார்கள். ஆயிரம் வருஷங்களுக்கு மேல் நடந்துவரும் இந்த ஏற்பாட்டை 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. நிலைத்த வளர்ச்சி என்ற தொடரைக் கேள்விப்படாத முன்னோர்கள் அதைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அறிவு அச்சுப் புத்தகத்தில் இல்லை. ஹானி மொழியிலும், அவர்களுடைய சடங்குகளிலும், பெரியோர் இளைஞருக்குச் சொல்லும் விதிகளிலும் இருக்கிறது. மொழி போனால் விதி போகும். விதி போனால் நீர்ப்பங்கு போகும். அப்புறம் உலகப் பாரம்பரியம் என்ற பலகை மட்டும் மலையில் நிற்கும்.

மேய்ச்சல் நிலங்களிலோ இதற்கு நேர்மாறான பாடத்தைக் காண்கிறோம். மஞ்சள் நதி, யாங்ட்ஸி, மீகாங் ஆகிய மூன்று பெருநதிகளும் உற்பத்தியாகும் சிங்ஹாய்ப் பீடபூமியில், புல்வெளி கெட்டுப்போகிறது, மந்தைகளே காரணம் என்று சொல்லி, 2003 முதல் திபேத்திய மேய்ப்பர்களைப் பெருந்தொகையாக வரிசை வீடுகளில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். புல்வெளிக்கு நேர்ந்த கேட்டுக்கு வெப்பநிலை மாறுதலும், முன்பு வகுத்த வேலிக் கொள்கைகளும் எவ்வளவு பொறுப்பு என்று ஆராய்ச்சியாளர் இன்னும் விவாதித்து வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பருவந்தோறும் இடம் மாறி, ஒரு நிலத்துக்கு ஓய்வு கொடுத்து மறு நிலத்தில் மேய்த்தவர்களைக் கலந்து தீர்மானித்தார்களா என்றால் இல்லை. உள் மங்கோலியாவிலோ மந்தைக்குத் தடை, நிலக்கரிச் சுரங்கத்துக்கு வரவேற்பு. 2011-ம் வருஷம் மே மாதத்தில், தம் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே நிலக்கரி லாரிகள் ஓடுவதைத் தடுக்க நின்ற ஒரு மங்கோலிய மேய்ப்பரை லாரியேற்றிக் கொன்றுவிட்டார்கள். மாணாக்கர்கள் தெருவில் இறங்கினார்கள். ஓட்டுநருக்கு மரண தண்டனை விதித்துச் சர்க்கார் கோபத்தைத் தணித்தார்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அதே பிரதேசத்தில் மொழிக்காகக் கிளர்ச்சி எழுந்தது. இரண்டும் வெவ்வேறு சம்பவங்கள் என்று நினைப்பவர்கள் மேய்ப்பனின் வாழ்வை அறியாதவர்கள். புல்லும் மொழியும் அவனுக்கு ஒரே சொத்தின் இரண்டு பாகங்கள்.

ஹாங்காங்கைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. 2009 முதல் அங்கே உயர்நிலை மாணாக்கர் அனைவருக்கும் ‘தாராளக் கல்வி’ என்ற பாடம் கட்டாயமாக இருந்தது. ஒரு விஷயத்தின் இரு பக்கங்களையும் ஆராய்ந்து தம் கருத்தை எழுதப் பிள்ளைகள் பழகினார்கள். 2012-ல் ‘ஒழுக்க தேசீயக் கல்வி’யைத் திணிக்க முயன்றபோது, பள்ளி மாணாக்கர்களே சர்க்கார் மாளிகை முன் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்து அதைக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டைக் கைவிடச் செய்தார்கள். 2020-ல் தேசப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு வருஷமே தாராளக் கல்வி நீங்கி, ‘குடிமையும் சமூக வளர்ச்சியும்’ என்ற பாடம் வந்தது. 250 மணி நேரம் 150-ஆகக் குறைந்தது. புதிய பாடத்தில் உலக நாடுகளின் பரஸ்பர உறவு என்று ஒரு பகுதியும், அதில் நிலைத்த வளர்ச்சியும் இருக்கின்றன. ஏட்டிலே குறையொன்றுமில்லை. ஆனால் கேள்வி கேட்கும் பழக்கத்தை எடுத்துவிட்டு உலக நோக்கை எப்படிக் கொடுப்பது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அந்நகரில் தலைமுறைகளாய் வாழும் இந்தியர், பாகிஸ்தானியர், நேபாளியர் பிள்ளைகளுக்குச் சீன மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் திட்டமே 2014-ல்தான் அமலுக்கு வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அடுத்த வீட்டுக்காரனை அறியாத பள்ளி அண்ட சராசரங்களை அறிமுகப்படுத்தி என்ன பயன்?

இவையெல்லாம் சீனப் பண்பாட்டின் சுபாவம் என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு என்பதற்குத் தைவான் சாட்சி. அங்கும் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் இருந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் பலகை மாட்டி அவமானப்படுத்தினார்கள். அதே தைவானில் 2001 முதல் ஆரம்பப் பாடசாலைகளில் தாய்மொழிப் பாடம் நடக்கிறது. 2016-ல் ஜனாதிபதி ஸாய் இங்வென் ஆதிகுடிகளிடம் ராஜ்யத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2017-ல் ஆதிகுடி மொழிகளுக்கும், 2019-ல் தேச மொழிகள் அனைத்துக்கும் தனிச் சட்டங்கள் வந்தன. வியத்நாமிலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் மணம்புரிந்து வந்த தாய்மாரின் மொழிகளைக்கூட ஆரம்பப் பள்ளியில் கற்க இடமளித்திருக்கிறார்கள். இதனால் தைவான் உடைந்து போகவில்லை. ஆயினும் அங்கேயும் குறை உண்டு. வாரத்தில் ஒரு வகுப்பைக் கொண்டு மொழி பிழைத்துவிடாது. லான்யூ என்ற சிறு தீவில், மீன் பிடித்து வாழும் தாவ் இனத்தாரை முறையாகக் கேளாமலே 1982 முதல் அணுசக்திக் கழிவுப் பீப்பாய்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பீப்பாய்கள்! 2019-ல் நஷ்டஈடு தருவதாகச் சர்க்கார் அறிவித்தபோது, பணம் வேண்டாம், பீப்பாயை எடு என்று தீவினர் பலர் கூறினார்கள். குடிமைக் கல்வியின் முழுச் சாரமும் அந்த விடையில் அடங்கியிருக்கிறது.

சிங்கப்பூரையும் மறக்கலாகாது. அங்கே ஜனங்களில் முக்கால் பங்கினர் சீனர். தமிழ் அங்கே நான்கு அரசாங்க மொழிகளுள் ஒன்று. தமிழ்ப் பிள்ளை பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழைப் படிக்கிறது. ஆனால் 1979-ல் தொடங்கிய மாண்டரின் இயக்கத்தால் ஹொக்கியன், டியோசூ முதலிய சீனத் தாய்மொழிகளே வீடுகளிலிருந்து தேய்ந்து வருகின்றன. பெரும்பான்மையோரின் மொழிகளும் இந்த நோய்க்குத் தப்புவதில்லை என்பதற்கு இது சான்று.

மேனாட்டு ராஜ்யங்கள் இவ்விஷயத்தில் சீனாவுக்கு உபதேசம் செய்வதைக் கேட்கையில் நமக்குச் சிறிது நகைப்புண்டாகிறது. கனடாவிலும், அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் ஆதிகுடிப் பிள்ளைகளைத் தாயினிடமிருந்து பிரித்து அந்நிய மொழியில் வளர்த்த கதையை உலகம் மறக்கவில்லை. கனடாவின் உண்மை விசாரணைக் குழு 2015-ல்தான் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் முன்னவன் திருடினான் என்பது பின்னவன் திருட்டுக்குச் சமாதானமாகாது. அந்தக் கொடுமையின் பலனை நூறு வருஷம் கழித்துக் கண்ணீரோடு எண்ணிப் பார்க்கும் தேசங்கள் இருக்கும்போது, தெரிந்தே அதே குழியில் இறங்குவது பெருங்கேடு. மேலும், இந்த அளவுகோலை எந்த ராஜ்யத்தின்மீதும் வைத்துப் பார்க்கலாம். நம்முடையதற்கும் விலக்கில்லை. சீன ஜனங்களிடத்தில் துவேஷம் வளர்க்க இதை ஓர் ஆயுதமாகக் கொள்வோர் நம்முடைய துணையை எதிர்பார்க்க வேண்டாம்.

நாம் கேட்பவை புதிய உரிமைகள் அல்ல. சீன அரசியல் சட்டத்தின் நான்காம் பிரிவு எழுதியபடி நிறைவேற வேண்டும். மங்கோலிய, திபேத்திய, உய்குர்ப் பிள்ளைகள் தங்கள் சரித்திரத்தைத் தங்கள் மொழியிலும், பொது மொழியை அதனுடன் சேர்த்தும் கற்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பள்ளி வேண்டும். புல்வெளியைப் பற்றிய தீர்மானத்தில் மேய்ப்பனுக்கு வாக்கு வேண்டும். சட்டத்தின் வழியே மொழி கேட்டவர்களுக்கும், இனங்களிடையே சமாதானம் பேசினவர்களுக்கும் விதித்த தண்டனைகள் ரத்தாக வேண்டும். இவற்றோடு, ஹான் பிள்ளைகளும் தங்கள் அயலாரின் மொழியொன்றைச் சிறிதேனும் கற்கட்டும். லாஸாவில் வளரும் ஹான் சிறுவன் திபேத்திய மொழியில் நலம் விசாரிக்கப் பழகினால், உலகக் குடிமையின் முதற் பாடத்தை அவன் கற்றவனாவான்.

2030-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் முன் ஒவ்வொரு ராஜ்யமும் தன் கணக்கை வைக்கும். சீனாவின் கணக்கில் எத்தனை கோடி மரங்கள், எத்தனை பள்ளிகள், எத்தனை சூரியத் தகடுகள் என்ற எண்கள் ஏராளமாய் இருக்கும். அந்தக் கணக்கைப் பார்க்கும் பிரதிநிதிகள், உள் மங்கோலியாவில் ஒரு பிள்ளை தன் பாட்டியோடு எந்த மொழியில் பேசுகிறது என்ற ஒரு கேள்வியையும் கேட்கட்டும்.